கட்சிக்கு வெளியே ஒரு மேசை

மாமாக் கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் அரசியல் பேசாமல் எழுந்திருக்க மாட்டார்கள். 2020 பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிப்போனது. எந்தத் தவளை எங்கே தாவும், தாவினால் என்ன பதவி கிடைக்கும், யார் கையில் எத்தனை நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்காங்க என்று தே தாரிக் ஆறிப்போகும் வரை கணக்கு ஓடும். இதைக் கட்சி உத்தி பற்றிய பேச்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இது நாற்காலிக் கணக்கு. ஒரு கட்சி யாருக்காக நிற்கிறது, யாரோடு சேரலாம், எதை விட்டுக்கொடுத்தால் சேர்ந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும், எப்போது போட்டியிடாமல் இருப்பது நல்லது, தோற்பது உறுதி என்றால் எதைக் காப்பாற்றிக்கொண்டு தோற்பது? உத்தி என்றால் இந்தக் கேள்விகள்தான். இவற்றை நிதானமாக, மாற்றுக் கருத்து சொல்றவனைத் துரோகி ஆக்காமல் பேசுவதற்கு இங்கே எப்போதாவது ஓர் இடம் இருந்ததா?

இருந்தது. கொஞ்ச காலம்தான். சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில்.

1949 அக்டோபரில் மருத்துவக் கல்லூரியையும் ராபிள்ஸ் கல்லூரியையும் இணைத்துத்தான் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. அது சிங்கப்பூரில் இருந்தாலும் ஈப்போவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் மாணவர்கள் அங்கேதான் போனார்கள். அவர்கள் மனதில் ஜொகூர் பாலம் ஒரு நாட்டு எல்லையாக இருக்கவில்லை. இந்தத் தீவும் தீபகற்பமும் ஒரே மலாயா, அதற்கு விடுதலை வாங்க வேண்டும் என்பதே அவர்கள் நினைப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கதை முழுக்கச் சிங்கப்பூர்க் கதை மாதிரித் தெரியும்.

1948லேயே அவசரகாலம் வந்துவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டு, அதன் ஆட்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். 1947ல் இடதுசாரிக் கட்சிகளும் மலாய்த் தேசியவாதிகளும் சேர்ந்து மக்கள் அரசியல் சட்ட முன்மொழிவு என்று ஒன்றை எழுதி, அதற்காக அக்டோபரில் நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தியிருந்தார்கள். ஜான் திவியின் ம.இ.கா.வும் அந்த அணியில் இருந்தது. இன்றைய ம.இ.கா.வை மட்டும் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவசரகாலம் அந்த அணியை உடைத்துப்போட்டது. காட்டுக்கும் போகாமல் வெள்ளைக்காரனுக்கு ஆமாம் சாமியும் போடாமல் அரசியல் செய்ய நினைத்தவர்களுக்கு நிற்க இடம் இல்லாமல் போனது.

1953 பிப்ரவரியில் பல்கலைக்கழக சோசலிஸ்ட் சங்கம் தொடங்கப்பட்டது இந்தச் சூழ்நிலையில்தான். முதல் தலைவர் வாங் குங்வூ. பிற்காலத்தில் உலகறிந்த வரலாற்று அறிஞர். சங்கத்தின் இதழுக்கு ‘ஃபஜார்’ என்று பெயர். மலாய் மொழியில் விடியல். பெயர்தான் மலாய், எழுதியது ஆங்கிலத்தில். அதற்குப் பின்னால் வருகிறேன்.

1954 மே மாத இதழில் ஆசியாவில் நடக்கும் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு தலையங்கம் வந்தது. தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்த மாதம் அது. சிங்கப்பூரில் தேசிய சேவைக்கு எதிராகத் திரண்ட சீனப் பள்ளி மாணவர்கள் போலீசோடு மோதியதும் அதே மாதம். மே 28 அன்று ஃபஜார் குழுவினர் எட்டுப் பேர் கைதானார்கள். தேசநிந்தனை வழக்கு. ஜேம்ஸ் புதுச்சேரி, புவா சூ காய், எம்.கே. ராஜகுமார், குவா பூ செங், லாம் குவான் கிட், தாமஸ் வர்க்கி, பி. அருட்சோதி, எட்வின் தம்பு. கடைசிப் பெயர் இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்து பிறகு சிங்கப்பூரின் ஆங்கிலக் கவிதைக்கு முகமானவர். வழக்காட இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் வந்தார். அவருக்கு உதவியாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. ஆகஸ்டில், எதிர்த் தரப்பைப் பேசச் சொல்லாமலே நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இந்த வழக்கை வீரக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தச் சங்கம் ஒரு கட்சி இல்லை. வேட்பாளர் நிறுத்தாது, ஓட்டு கேட்காது, உறுப்பினருக்கு உத்தரவு போடாது. அதே சமயம் சும்மா வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை. உட்டல் கடற்படைத் தளத் தொழிற்சங்கத்துக்கும் ஜமித் சிங் துறைமுகத் தொழிற்சங்கத்துக்கும் போனார்கள். ராஜகுமார் மருத்துவராகிக் கூட்டரசில் தொழிற்கட்சியின் தலைவர்களில் ஒருவரானார். கட்சிக்குள் போகும் முன்னால் உட்கார்ந்து பேச ஒரு மேசை, போன பிறகும் திரும்பி வந்து சண்டை போட அதே மேசை. எங்கள் துறையில் வரைபடம் போட்டவரே அதைச் சரிபார்த்துக் கையெழுத்து போட முடியாது. வேறு ஒருத்தர் பார்க்கணும். அவர் அந்த வேலையில் சம்பந்தப்படாதவராகவும், அதே சமயம் விஷயம் தெரிந்தவராகவும் இருக்கணும். ஃபஜார் செய்தது கிட்டத்தட்ட அந்த வேலை.

லண்டனில் இதற்கு ஓர் அண்ணன் இருந்தது. 1949ல் கோ கெங் சுவீ முதலானவர்கள் தொடங்கிய மலாயன் ஃபோரம். துன் ரசாக்கும் அதில் இருந்தார். 1950 ஜனவரியில் லீ குவான் யூ அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். படித்துவிட்டு ஊர் திரும்பும் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது பொருள். அவரை யாரும் எப்படி வேண்டுமானாலும் மதிப்பிடலாம். ஆனால் கட்சி என்ற ஒன்று இல்லாத நாளிலேயே அதற்கான உத்தியைப் பொதுவில் வைத்துப் பேசிய மனிதர் அவர் என்பதை மறுக்க முடியாது.

அப்படிப் பேசியதற்குப் பலன் இருந்ததா? 1955 தேர்தலைப் பாருங்கள். மக்கள் செயல் கட்சி 1954 நவம்பர் 21 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் தொடங்கியது. அதற்கு அடுத்த ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். 25 தொகுதிகளுக்கு ஓட்டு. மக்கள் செயல் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் நான்கே பேர், ஜெயித்தது மூன்று. தேவன் நாயர் ஃபேரர் பார்க்கில் தோற்றார். நிதியும் பாதுகாப்பும் ஆளுநர் கையிலேயே இருக்கும் அரைகுறை ஆட்சியில் உட்கார்ந்து கெட்ட பெயர் வாங்குவதைவிட வெளியே நின்று கட்சியைக் கட்டலாம் என்ற கணக்கு அது. டேவிட் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி பத்து இடம் பிடித்து ஆட்சியில் உட்கார்ந்தது. ஒன்றரை ஆண்டு கூட ஆகவில்லை, மார்ஷல் பதவி விலகிவிட்டார். ஜெயிக்காமல் இருப்பதற்கும் ஓர் உத்தி உண்டு. அதைத் தொண்டனுக்குப் புரிய வைக்கணும்னா முதலில் தலைவர்களுக்குள் பேச்சு தீர்ந்திருக்கணும்.

இந்த மேசையைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. அதில் பெரிய ஓட்டை மொழி. ஃபஜார் ஆங்கிலத்தில் வந்தது. யாரை நம்பி அந்த உத்திகள் எல்லாம் போடப்பட்டனவோ அவர்களுக்கு அது எட்டவில்லை. சீனப் பள்ளி மாணவனுக்கும் பேருந்துத் தொழிலாளிக்கும் லிம் சின் சியோங்கின் ஹொக்கியன் மேடைப் பேச்சு தெரியும், ஃபஜார் தெரியாது. துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை செய்த தமிழர்கள் ‘தமிழ் முரசு’ படித்தார்கள். கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை குடியுரிமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தமிழர்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது. தமிழர் திருநாள் கண்டது. மாணவர்களை எழுத வைத்தது. என் கணிப்பில், ஓட்டுரிமை வாங்குவது வரை நம்மவர்களுக்கு அது ஒரு மேசை போட்டுக் கொடுத்தது. வாங்கிய ஓட்டை எந்தக் கட்சி எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த நம்மவர்களிடமே நின்றுவிட்டது. ராஜகுமாரும் அருட்சோதியும் பேசினார்கள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர் கேட்கவில்லை.

இனி மேசை எப்படிப் போனது என்று பார்க்கலாம்.

1957 ஆகஸ்டில் மக்கள் செயல் கட்சியின் ஆண்டு மாநாடு. செயற்குழுவின் 12 இடங்களில் இடதுசாரிகள் 6 பிடித்தார்கள். லீயும் தோ சின் சாயும் இந்தக் குழுவில் பொறுப்பு ஏற்க மாட்டோம் என்று ஒதுங்க, டி.டி. ராஜா கொஞ்ச நாள் தலைமைச் செயலாளராக இருந்தார். அதே மாதம் லிம் இயூ ஹோக் அரசாங்கம் புதிய செயற்குழுவில் ஐந்து பேரைப் பிடித்து உள்ளே வைத்தது. லீ அணி திரும்ப வந்தது. அதற்குப் பிறகு, 1958 முடிவதற்குள், கட்சி விதி மாறியது. செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கக் கேடர் உறுப்பினர்களுக்கு மட்டுமே ஓட்டு. கேடர் யார் என்று முடிவு செய்வது செயற்குழு. கார்டினல்கள் போப்பைத் தேர்ந்தெடுக்க, போப் கார்டினல்களை நியமிப்பது போல என்று இதைச் சொல்வார்கள்.

வேலை செய்யுமா என்று கேட்டால், அபாரமாக வேலை செய்யும் ஏற்பாடு. 1961ல் கட்சி உடைந்தபோது 51 கிளைகளில் 35 கிளைகளின் செயற்குழுக்கள் இடதுசாரிகளோடு வெளியேறின. சாதாரணக் கட்சியாக இருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். பெயர், சின்னம், தலைமை எல்லாம் அப்படியே லீ கையில் இருந்தன. உத்தி என்ற அளவில் இதைவிடக் கெட்டியான பூட்டை மலாய்த் தீபகற்பத்தில் யாரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பூட்டுக்குள் விவாதம் என்ற ஒன்று தலைமைக்குள்ளேயே சுருங்கிப்போனது. கிளையில் இருப்பவன் தலைமையிடம் ‘இது சரிவராது’ என்று சொல்லிப் பயனில்லை. அவனுக்குத்தான் ஓட்டே இல்லையே.

அப்போது ஆழமான பேச்சு எங்கே நடந்தது தெரியுமா? சிறையில். 1956 அக்டோபர் கலவரத்தையொட்டிக் கைதான ஜேம்ஸ் புதுச்சேரி சாங்கிச் சிறையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். மலையாளி, இந்திய தேசிய ராணுவத்தில் நேதாஜியின் கீழ் போரிட்டவர், பிறகு பொருளாதாரம் படித்தவர். மலாயாப் பொருளாதாரத்தின் உடைமையும் கட்டுப்பாடும் யார் கையில் என்று ஆராய்ந்த அந்த நூல் 1960ல் வெளிவந்தது. பொருளாதார நூல்தான். எனக்கு அது இந்த நாட்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கட்சி உத்தி நூலாகவும் தெரிகிறது.

சீனர்கள்தான் பொருளாதாரத்தை வைத்திருக்கிறார்கள் என்பது அன்றைய பொது நம்பிக்கை. இன்றும் பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. புதுச்சேரி கம்பெனிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். ரப்பர்த் தோட்டங்களிலும் ஈயத்திலும் ஏற்றுமதி இறக்குமதியிலும் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்தது ஐரோப்பிய முதலீடு. அதை நடத்தியவை ஏஜென்சி ஹவுஸ் என்ற நிறுவனங்கள். கத்ரி, ஹாரிசன்ஸ், பூஸ்டெட், சைம் டார்பி. தோட்டத்தில் பிறந்த எந்தத் தமிழருக்கும் இந்தப் பெயர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடைத்தெருவில் கண்ணுக்குத் தெரிந்த சீன முதலாளிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத முதலாளி இருந்தான். இன்னொன்றும் சொன்னார்: கொஞ்சம் மலாய் முதலாளிகளை உருவாக்கிவிட்டால் கம்பத்து ஏழை மலாய்க்காரன் வாழ்க்கை மாறிவிடாது. 1970களுக்குப் பிறகு நாடு போன பாதையில் பெரும்பகுதி இந்த எச்சரிக்கைக்கு எதிர்த்திசையில் போனது.

இதன் அரசியல் பொருள் என்ன? இனவாரியாகக் கட்சி கட்டி, இனவாரியாகப் பங்கு பிரிக்கிற உத்தி ஒரு தப்பான கணக்கின் மேல் நிற்கிறது என்பதுதான். 1954ல் ம.இ.கா. கூட்டணியில் சேர்ந்தபோது, 1955 தேர்தலில் அந்தக் கூட்டணி 52ல் 51 இடங்களை அள்ளியபோது, அதில் இரண்டு ம.இ.கா.வுக்குக் கிடைத்தபோது, அந்தக் கணக்கைக் கேள்வி கேட்கும் புத்தகம் நம்மிடம் இல்லை. வந்த பிறகும் அதை எத்தனை கட்சிக்காரர்கள் படித்தார்கள் என்பது வேற கதை.

1959ல் மக்கள் செயல் கட்சி ஜெயித்ததும் புதுச்சேரி விடுதலையானார். இரண்டே ஆண்டில் மறுபடி சண்டை. 1961 மே 27 அன்று துங்கு மலேசியா என்ற யோசனையைப் பொதுவில் சொன்னார். ஜூலை 18 அன்று லிம் சின் சியோங், ஃபோங் சுவீ சுவான், உட்டல், புதுச்சேரி நால்வரும் ஈடன் ஹாலில் பிரிட்டிஷ் ஆணையர் செல்கர்க் பிரபுவைப் பார்க்கப் போனார்கள். ஆட்சி ஓட்டால் கவிழ்ந்தால் பிரிட்டன் அரசியல் சட்டத்தை நிறுத்திவைக்குமா என்று கேட்கத்தான் போனார்கள். கேட்டதில் தப்பில்லை. ஆனால் வெள்ளைக்காரனோடு தேநீர் குடித்துச் சதி செய்தார்கள் என்று மறுநாளே கதை கட்ட முடியும் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் போயிருப்பார்களா? 21ஆம் தேதி விடிகாலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்தபோது ஆதரவு 27, எதிர்ப்பு 8, நடுநிலை 16. அந்த 16ல் 13 பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். பாரிசான் சோசலிஸ் பிறந்தது.

பிறந்த கையோடு அது எடுத்த முழக்கம் ‘முழு இணைப்பு’. சிங்கப்பூர் பினாங்கு, மலாக்கா மாதிரி ஒரு மாநிலமாகவே சேரட்டும் என்றார்கள். துங்கு ஏற்க மாட்டார், ஆகவே இணைப்பும் நடக்காது, இணைப்பை எதிர்த்த கெட்ட பெயரும் நமக்கு வராது. காகிதத்தில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கூட்டரசின் குடியுரிமைச் சட்டத்தை யாரோ சரியாகப் படிக்கவில்லை. பினாங்கு மாதிரிச் சேர்ந்தால் சிங்கப்பூருக்கு வெளியே பிறந்த குடிமக்கள் பலர் தானாகக் கூட்டரசுக் குடிமக்கள் ஆக முடியாது. சீனாவிலும் தமிழ்நாட்டிலும் பிறந்தவர்கள். பாரிசானுக்கு ஓட்டுப் போடக்கூடியவர்கள். லீ அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு விடவே இல்லை. 1962 செப்டம்பர் 1 பொதுவாக்கெடுப்பில் மூன்று தேர்வுகள் கொடுக்கப்பட்டன, ‘வேண்டாம்’ என்பது அதில் இல்லை. பாரிசான் வெற்றுச் சீட்டு போடச் சொன்னது. நூற்றுக்கு 25 பேர் அப்படிப் போட்டார்கள். 71 பேர் அரசின் திட்டத்துக்கு.

வாக்கெடுப்பு நியாயமாக நடக்கவில்லை என்று வாதாடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த முழக்கம் ஃபஜார் மேசையில் ஒரு மாதம் கிடந்து அடிபட்டிருந்தால், ஒரு சட்டம் படித்த மாணவனாவது ‘அண்ணே, குடியுரிமை என்ன ஆகும்?’ என்று கேட்டிருப்பான். அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இப்போது கட்சித் தலைவர்கள். தலைவர் சொன்னதைத் தலைவரே எப்படிச் சரிபார்ப்பார்?

1963 பிப்ரவரி 2, ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர். 100க்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி உள்ளே போனார்கள். லிம் சின் சியோங், புவா சூ காய், புதுச்சேரி, உட்டல் எல்லாரும். அந்த ஆண்டோடு ஃபஜாரும் நின்றது. மிச்சமிருந்த பாரிசான் அப்படியும் செப்டம்பர் தேர்தலில் 51ல் 13 இடங்களைப் பிடித்தது. இதை மறக்கக் கூடாது. அடி வாங்கியும் சாகாத கட்சி. பிறகு அதுவே தன்னை என்ன செய்துகொண்டது? கட்டாயத் தேசிய சேவைப் பதிவை எப்படி எதிர்ப்பது என்ற தகராறில் 1964ல் தலைவர் லீ சியூ சோ கட்சியை விட்டே போனார், அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். 1965 டிசம்பரில் சிங்கப்பூரின் முதல் நாடாளுமன்றம் கூடியபோது பாரிசான் புறக்கணித்தது. 1966 அக்டோபரில் எஞ்சிய உறுப்பினர்கள் பதவி விலகினார்கள், போராட்டம் தெருவில் நடக்கும் என்றார்கள். 1968 தேர்தலையும் கட்சி புறக்கணித்தது. 58 தொகுதிகளில் 51ல் போட்டியே இல்லை. 58ம் மக்கள் செயல் கட்சிக்கே. 1981 அக்டோபரில் ஆன்சனில் ஜெ.பி. ஜெயரத்தினம் ஜெயிக்கும் வரை அந்த நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரல் இல்லை. 15 ஆண்டு.

அடக்குமுறைதான் அவர்களை அந்த மூலைக்குத் தள்ளியது, அவர்களைக் குறை சொல்லாதே என்பார்கள். தள்ளியது உண்மை. ஆனால் 1955ல் நான்கு இடம் மட்டும் நின்றதும் ஒதுங்கல்தான், 1968ல் ஒன்றிலும் நிற்காததும் ஒதுங்கல்தான். முதலாவதில் ஒதுங்கியவர்களுக்கு அடுத்து எப்போது திரும்ப வருவது என்று தெரிந்திருந்தது. இரண்டாவதில் திரும்பி வருவதற்கு ஒரு வழி யோசித்து வைத்த மாதிரித் தெரியவில்லை. யோசிக்கக்கூடியவர்கள் சாங்கியில் இருந்தார்கள்.

பாலத்துக்கு இந்தப் பக்கமும் அதே பாடு. ராஜகுமார் 1966ல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். தொழிற்கட்சி 1969 தேர்தலைப் புறக்கணித்தது. 1972ல் அதன் பதிவு ரத்தானது. 1968ல் சையத் உசேன் அலாத்தாஸ், டாக்டர் டான் சீ கூன், லிம் சோங் யூ ஆகியோரோடு சேர்ந்து கெராக்கானைத் தொடங்கியவர்களில் வாங் குங்வூவும் ஒருவர். 15 ஆண்டுக்கு முன் மேசை போட்டவர் இப்போது கட்சி தொடங்கினார். பேராசிரியர்களின் கட்சி அது. 1969ல் பினாங்கு ஆட்சியைப் பிடித்தது; டான் சீ கூனும் அலாத்தாசும் வெளியேறினார்கள்; 1974ல் தேசிய முன்னணிக்குள் கட்சி ஐக்கியமாகிவிட்டது. மேசையையே கட்சியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

1971ல் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. மாணவர்கள் ‘அவுகு’ என்று சொல்வார்கள். 1974 பாலிங் போராட்டத்துக்குப் பிறகு 1975ல் அதை இன்னும் இறுக்கினார்கள். மாணவன் கட்சியில் சேரக் கூடாது, கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டக் கூடாது. கட்சியில் சேரலாம் என்று 2012ல் திருத்தினார்கள். வளாகத்துக்குள்ளும் அரசியல் நடத்தலாம் என்பதற்கு 2018 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் வயதுக்காரர்கள் பட்டம் வாங்கி வெளியேறும் நேரம். கட்சிக்குப் போன நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. பதாகை கட்டுவதிலும் டிக்டாக் எடுப்பதிலும் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. தங்கள் கட்சி ஏன் இந்தக் கூட்டணியில் இருக்கு என்று கேட்டால் தலைவர் பேச்சையே திருப்பிச் சொல்றாங்க. வேறு எங்கே கேட்டிருப்பாங்க, பாவம்.

பல்கலைக்கழக சோசலிஸ்ட் சங்கத்தின் பதிவு சிங்கப்பூரில் ரத்தானதும் 1971லேயே. புதுச்சேரி சிங்கப்பூருக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டு, கோலாலம்பூரில் வழக்கறிஞராக வாழ்ந்து 2000ல் காலமானார். ராஜகுமார் குடும்ப மருத்துவர்களின் உலக அமைப்புக்கே தலைவராக இருந்து 2008ல் போனார். இரண்டு தடவையாக 17 ஆண்டு சிறையில் இருந்த புவா சூ காய், டான் ஜிங் குயீ, கோ கே இயூ மூவரும் தொகுத்த ‘ஃபஜார் தலைமுறை’ நூல் 2009ல் வந்தது. சங்கத்துக்காரர்கள் முதுமையில் உட்கார்ந்து எழுதிய கட்டுரைகள், இன்னும் சூடு ஆறாத வாதங்களோடு. ஆங்கிலத்தில்தான். அச்சானது பெட்டாலிங் ஜெயாவில்.